சாலை திறந்த பிறகும் பேருந்து ஏன் வருவதில்லை: தருமபுரி, கிருஷ்ணகிரிக்கு ஒரு மீட்புத் திட்டம்

கேள்வி இது: பெருமழையிலோ பெரிய விபத்திலோ சாலை அடைபடுகிறது. அடுத்த நாளே திறந்துவிட்டதாகச் சொல்கிறார்கள். ஆனாலும் தருமபுரியிலிருந்து சேலத்துக்கும் ஓசூருக்கும் பேருந்து ஒழுங்குக்கு வர மூன்று நான்கு நாள் ஆகிறது. ஏன்? மாவட்ட அளவில் இதற்கென்று ஒரு திட்டம் எழுதினால் அதில் என்ன இருக்க வேண்டும்?

மீட்பு என்றாலே படகு, கயிறு, தீயணைப்பு வண்டி என்றுதான் நம் மனம் போகிறது. ஆட்களை மீட்பது வேறு, ஓட்டத்தை மீட்பது வேறு. முதலாவதற்கு மாவட்டத்தில் ஏற்பாடு இருக்கிறது: ஆட்சியர் தலைமையில் பேரிடர் மேலாண்மை ஆணையம், 1077 கட்டுப்பாட்டு அறை, 108 எல்லாம் உண்டு. இரண்டாவது பெரும்பாலும் அந்தந்த நேரத்து சாமர்த்தியத்தை நம்பியே நடக்கிறது. அடைப்பால் வரும் நட்டத்தில் பெரும்பங்கு அடைப்பு நீங்கிய பிறகும் வரலாம். திட்டம் எழுத உட்காருகிறவர் முதலில் மனதில் வாங்க வேண்டியது இதைத்தான்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். தருமபுரி–சேலம் சாலையில் உள்ள தொப்பூர் கணவாயில், சேலம் நோக்கி இறங்கும் தடத்தில் ஒரு லாரி கவிழ்ந்து 6 மணி நேரம் அடைபட்டதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 600 வண்டி வருகிறது என்றால் 3,600 வண்டி பின்னால் தேங்கிவிட்டது. பிறகு ஒரே ஒரு வரிசையை மட்டும் திறக்கிறார்கள். அதில் மணிக்கு 800 வண்டி போகும். புதிதாக வந்து சேரும் 600 போக, தேக்கத்தில் குறைவது மணிக்கு 200 மட்டும். 3,600 தீர 18 மணி நேரம். இரண்டு வரிசையும் திறந்து மணிக்கு 1,500 விட்டால் 4 மணி நேரத்தில் தீரும். ஒரு வரிசையைத் திறந்துவிட்டு ‘போக்குவரத்து சீரானது’ என்று அறிவிக்கிற நேரத்தில் உண்மையில் நெரிசலின் நான்கில் ஒரு பங்குதான் கடந்திருக்கும். ஆகவே ‘எப்போது திறப்போம்’ என்பதோடு, திறந்தபின் எத்தனை வண்டி மேலே தடுத்து நிறுத்தப்படும், எங்கே நிறுத்தப்படும், எந்த வேகத்தில் விடப்படும் என்பதும் திட்டத்தில் எண்ணாகவே எழுதப்பட வேண்டும். 600, 800 என்பவை உதாரணத்துக்குத்தான். உண்மையான எண் பாளையம் சுங்கச்சாவடியின் மணிவாரிக் கணக்கில் கிடைக்கும். அதை வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள்.

தொப்பூரில் இன்னொரு சிக்கலும் உண்டு. நீண்ட இறக்கம், முடிவில் வளைவும் இரட்டைப் பாலமும். 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் உயிர்களைப் பறித்த தொடர் மோதல்கள் நடந்தது இந்த இறக்கத்தில்தான். மணிக்கணக்கில் நின்று அலுத்த ஓட்டுநர்கள், விட்ட நேரத்தைப் பிடிக்கும் அவசரத்தில், நியூட்ரலில் இறக்கினால் பிரேக் லைனிங் சூடேறிப் பிடிப்பு போய்விடும். அடைப்பு நீங்கிய முதல் இரண்டு மணி நேரம்தான் அடுத்த அடைப்பு உருவாகும் நேரம். லாரிகளை மொத்தமாக அவிழ்த்துவிடக் கூடாது. கணவாய்க்கு மேலே நிறுத்தி, 20 வண்டி, சில நிமிட இடைவெளி, மறுபடி 20 வண்டி என்று விட வேண்டும். ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்னால் ஒரு ரோந்து வண்டி அதே மெதுவான வேகத்தில் போனால், பின்னால் வருகிறவர் முந்தவே முடியாது.

கிரேனைப் பற்றி ஒரு வார்த்தை. ‘50 டன் கிரேன் இருக்கிறது’ என்று திட்டத்தில் எழுதி வைப்பார்கள். கை நீளாமல் ஒட்டி நின்று தூக்கும்போதுதான் அது 50 டன். பள்ளத்தில் கிடப்பதை எட்டித் தூக்கும்போது 10 டன்கூட வராமல் போகலாம். லோடோடு 40 டன்னைத் தாண்டும் பல அச்சு லாரியை அதனால் அசைக்க முடியாது. சரக்கை வேறு வண்டிக்கு மாற்றிவிட்டுத்தான் தூக்க வேண்டும். அதற்கு ஆளும் காலி லாரியும் தேவை, நாலைந்து மணி நேரமும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கணவாய்க்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு கிரேன் நிற்பது அவசியம். ஒன்றே இருந்தால், அது இருக்கும் பக்கத்து நெரிசலிலேயே அதுவும் சிக்கிக்கொள்ளும். நடுத்திட்டு எந்தெந்த இடத்தில் கழற்றக்கூடிய தடுப்பாக இருக்கிறது என்பதையும் கிலோமீட்டர் கல் எண்ணோடு குறித்து வைக்க வேண்டும். இரு தடமும் ஒரே மட்டத்தில் இல்லாத இடத்தில் எதிர்த்தடத்துக்கு மாற்றவே முடியாது.

இனி மாற்றுவழி. தருமபுரிக்காரர்களில் பலர் ஓசூர், ராயக்கோட்டை, பாலக்கோடு வழியாக வரும் 844-ஆம் எண் நெடுஞ்சாலையை மாற்றுவழி என்று நினைக்கிறார்கள். அது அதியமான்கோட்டையில், கிருஷ்ணகிரி–தருமபுரி–சேலம் போகும் 44-ஆம் எண் சாலையோடு சேர்கிறது. அதாவது கணவாய்க்கு மேலேயே. கிருஷ்ணகிரி அருகே அடைபட்டால் அது கைகொடுக்கும். தொப்பூர் அடைபட்டால் கூட்டத்தை இன்னொரு பக்கமாகக் கொண்டுவந்து அதே வாயில் திணிக்கும். தொப்பூருக்கு உண்மையான மாற்று கிழக்கே இருக்கிறது: கிருஷ்ணகிரியில் பிரிந்து ஊத்தங்கரை, அரூர், மஞ்சவாடி கணவாய் வழியாகச் சேலம். மேற்கே பெரும்பாலை, மேச்சேரி வழி இருக்கிறது. அதைக் காருக்கும் சிறு வண்டிக்கும் மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

பெங்களூரிலிருந்து வரும் கனரக வண்டியைத் திருப்ப வேண்டிய இடம் கிருஷ்ணகிரி. தருமபுரிக்கு வந்தபின் திருப்பினால் அது நகரச் சாலைகளில் நுழைந்து, 108 போகும் வழியையும் அடைத்துவிடும். சேலம் பக்கத்திலும் அப்படித்தான்: தீவட்டிப்பட்டியில் தடுப்பது காலம் கடந்த வேலை, சேலத்திலேயே அரூர் சாலைக்குத் திருப்ப வேண்டும். திருப்பும் முடிவை எடுப்பவர் யார் என்பதையும் பெயரிட்ட பதவியாக எழுதுங்கள். இரண்டு மாவட்டக் காவலும் நெடுஞ்சாலை ஆணையமும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டிருக்கும் அரை மணி நேரத்தில் 300 வண்டி கணவாய் வாய்க்கு வந்துவிடும்.

மாற்றுச் சாலைக்கு எவ்வளவு தாங்கும்? இந்தியச் சாலைக் காங்கிரஸின் வழிகாட்டல்படி, இருவழிச் சாலைக்கு நாளொன்றுக்கு சமவெளியில் 15,000, மேடுபள்ளமான நிலத்தில் 11,000, மலைப்பகுதியில் 7,000 கார் அலகு. நான்குவழிச் சாலைக்கு 35,000 முதல் 40,000. ஒரு லாரி அல்லது பேருந்தை 3 காராக எண்ணுவார்கள். ஆகவே மஞ்சவாடி மலைப்பகுதி ஏற்கெனவே காலியாக இருந்தாலும் 2,300 லாரிக்கு மேல் வசதியாகத் தாங்காது. நான்குவழிச் சாலையின் கூட்டம் முழுவதையும் இதில் ஊற்றினால் இரண்டாவது சாலையும் நின்றுவிடும். மாற்றுவழியில் முதலிடம் பேருந்து, ஆம்புலன்ஸ், பால், காய்கறி, எரிபொருள் டேங்கர். மற்ற லாரி கிருஷ்ணகிரிக்கு வடக்கே நிற்கட்டும். நிற்க வைத்தால் அவர்களுக்குத் தண்ணீரும் கழிப்பறையும் சாப்பாடும் வேண்டும். இது கருணை சார்ந்த விஷயம் மட்டுமில்லை, இல்லாவிட்டால் அவர்கள் நிற்கமாட்டார்கள், தெரிந்த கிராமச் சாலையில் புகுந்துவிடுவார்கள்.

இதெல்லாம் மாற்றுவழி உயிரோடு இருந்தால்தான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலின் மிச்சம் உள்நாட்டுக்கு வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ., அரூரில் 33 செ.மீ. மழை கொட்டியது. வானிலைத் துறை 20 செ.மீ.-க்கு மேல் பெய்தாலே அதிகனமழை என்கிறது. ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்து, சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் அடித்துக்கொண்டு போனது. தொப்பூருக்கு மாற்று என்று நாம் காகிதத்தில் எழுதும் இரண்டு ஊர்களும் அந்த நாளில் தாமே தண்ணீரில் நின்றன. விபத்துக்கு ஒரு மாற்றுவழிப் பட்டியல், மழைக்கு வேறொரு பட்டியல் என்று இரண்டாகத்தான் எழுத வேண்டும். மழைப் பட்டியலில், இரண்டு பாதைகளும் ஒரே ஏரித் தொடருக்கோ ஒரே ஆற்றுக்கோ கீழே இருந்தால் அவை ஒன்றுக்கொன்று மாற்று ஆகமாட்டா.

தண்ணீர் வடிந்த பிறகு பாலத்தைத் திறப்பதில்தான் உயிரோடு விளையாடும் தவறுகள் நடக்கின்றன. மேலே தார் அப்படியே இருக்கும். அடியில் மண் போயிருக்கும். வெள்ளம் மேலேறிப் போன பாலத்தில் பெரும்பாலும் முதலில் போவது பாலம் அல்ல, அதை ஒட்டிய அணுகுசாலையின் மண்கரைதான். கடப்பாரையின் தலையால் தட்டிப் பார்த்தால் திடமான இடம் மந்தமாகவும் உள்ளே வெற்றிடம் உள்ள இடம் டொக்கென்று கூடாகவும் ஒலிக்கும். சந்தேகமான இடத்தில் தாரைக் குத்தித் திறந்து பார்த்துவிடுவது நல்லது. பிறகு கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் கண்ணை வைத்து நீளவாக்கில் பார்க்க வேண்டும்: எங்காவது தொய்வோ கோணலோ தெரிந்தால் தூண் இறங்கியிருக்கிறது என்று பொருள். இணைப்பு இடைவெளிகள் ஒரு பக்கம் விரிந்து ஒரு பக்கம் மூடியிருந்தாலும் அப்படித்தான். தூணைச் சுற்றி, முக்கியமாக நீர் வந்து மோதும் பக்கத்தில், அளவு குறித்த கம்பால் ஆழம் பார்த்து, அடித்தளத்தின் மேல்மட்டத்தோடு ஒப்பிட வேண்டும். வெள்ளம் வடியும்போது அரிப்புக் குழியில் வண்டல் வந்து மூடிக்கொள்ளும். கம்பு மென்மையான சேற்றில் புதைந்து போகிற ஆழமே உண்மையான ஆழம், மேலே தெரிகிற மட்டமல்ல.

திறப்பும் படிப்படியாகத்தான். முதலில் நடையும் இருசக்கர வண்டியும். அடுத்து காலிப் பேருந்து ஒன்று நடை வேகத்தில், நடுவாக, ஒற்றை வரிசையில். அது கடக்கும்போது இருபுறமும் பொறியாளர்கள் நின்று பார்க்க வேண்டும். பிறகு பயணிகளோடு பேருந்து. சரக்கு லாரி கடைசி. ஒவ்வொரு படிக்கும் நடுவே கைப்பிடிச் சுவரையும் இணைப்பையும் மறுபடி பார்ப்பது கட்டாயம். எந்த அடையாளம் தெரிந்தால் திரும்ப மூடுவோம் என்பது முன்பே எழுதப்பட்டிருந்தால்தான், ‘இப்போதுதானே திறந்தோம்’ என்ற கூச்சமில்லாமல் மூட முடியும்.

தென்பெண்ணை ஆற்றைக் கடக்கும் தரைப்பாலங்களில், இங்கே மழை நின்றதை மட்டும் பார்த்துத் திறக்கக் கூடாது. ஆறு கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணையிலிருந்தும் பிறகு கிருஷ்ணகிரி அணையிலிருந்தும் எத்தனை கனஅடி திறக்கிறார்கள் என்பதுதான் அளவுகோல். நீர்வளத் துறையின் அந்தத் தகவல் பேருந்துப் பணிமனைக்கும் நேராகப் போக வேண்டும். ஓடும் நீர் 30 செ.மீ. உயரம் இருந்தாலே சிறிய காரை நகர்த்திவிடும், 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளைத் தூக்கிவிடும். தரைப்பாலத்தின் ஓரக்கல்லில் இந்த இரண்டு உயரத்தையும் மஞ்சளிலும் சிவப்பிலும் தீட்டி வைப்பது செலவில்லாத வேலை.

அணுகுசாலை அடித்துப் போன இடத்தில் தற்காலிக வழி போட ஹியூம் பைப் எனும் கான்கிரீட் குழாய்தான் வேகமானது. பைப் ஒன்றின் நீளம் 2.5 மீட்டர், 7.5 மீட்டர் அகலச் சாலைக்கு ஒரு வரிசைக்கு 3 பைப். ஓடை அகலத்துக்கு 4 வரிசை வேண்டுமென்றால் 12 பைப். மேலே குறைந்தது 60 செ.மீ. மண் மூடல் இல்லாமல் லாரி விட்டால் பைப் நொறுங்கும். கிராவலையும் ஜல்லியையும் ஒரேயடியாகக் கொட்டாமல் 15 முதல் 20 செ.மீ. அடுக்காகப் போட்டு ரோலர் ஓட்ட வேண்டும். அவசரத்தில் ஒரு மீட்டர் உயரம் ஒரே நாளில் கொட்டி மேலே மட்டும் ஓட்டினால், மூன்றாம் நாள் பேருந்தின் பின்சக்கரம் இறங்கும். இரு ஓரமும் மணல் மூட்டை அடுக்க வேண்டும். அடுத்த மழையில் இந்த வழி போய்விடும் என்று எண்ணியே போடுங்கள். இன்னொரு முறை போடத் தேவையான பைப்பையும் ஜல்லியையும் அப்போதே பக்கத்தில் இறக்கி வைக்கலாம்.

இப்போது பேருந்து. கேள்வி கேட்டவருக்கு நேரடி விடை இங்கேதான் இருக்கிறது. தருமபுரி–சேலம் போகவர, நிற்கும் நேரம் உட்பட, 200 நிமிடம் ஆகிறதென்று வையுங்கள். 10 நிமிடத்துக்கு ஒரு பேருந்து விட 20 வண்டி போதும். அரூர் வழியாகச் சுற்றினால் போகவர 380 நிமிடம் ஆகலாம். அதே 20 வண்டி 19 நிமிடத்துக்கு ஒன்றாகத்தான் வரும். இருக்கை பாதியாகக் குறைந்துவிடும். பழைய இடைவெளியை வைத்துக்கொள்ள 38 வண்டி வேண்டும், மீதி 18 எங்கிருந்தும் வராது. எந்த வழித்தடத்தில் நடையை (ட்ரிப்பை) குறைத்து இங்கே கொண்டுவருவது என்பதை முன்பே தீர்மானித்து வைக்காவிட்டால், அந்த நேரத்தில் யாருடைய குரல் சத்தமாக இருக்கிறதோ அவர்கள் வழித்தடம் தப்பிக்கும், மலையோரக் கிராமத்தின் ஒற்றைப் பேருந்து நிறுத்தப்படும்.

வண்டி இருக்கிற இடமும் முக்கியம். அடைப்பு நடந்த இரவில் சில பேருந்துகள் சேலத்தில், சில பெங்களூரில், சில நைட் ஹால்ட் கிராமங்களில் மாட்டிக்கொண்டிருக்கும். காலையில் சாலை திறந்துவிட்டாலும் 5 மணி நடையை எடுக்க வேண்டிய வண்டியும் ஆளும் வேறு ஊரில். ஓட்டுநர்களுக்கு 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் வகுத்த அளவு: நாளுக்கு 8 மணி நேர வேலை, தொடர்ந்து 5 மணி ஓட்டினால் அரை மணி ஓய்வு, இரு பணிகளுக்கு நடுவே 9 மணி ஓய்வு. அசாதாரண நிலையில் விலக்கும் அதில் இருந்தது. ஆனால் இரவெல்லாம் நெரிசலில் விழித்த ஓட்டுநரைக் காலையில் தொப்பூர் இறக்கத்தில் ஓட்டவைக்க எந்த விலக்கும் நியாயம் சொல்லாது. எனவே திறந்த மறுநாள் காலை ஆள் பற்றாக்குறை நிச்சயம் என்று எடுத்துக்கொண்டு, அன்றைக்கு 60 விழுக்காட்டு நடைக்கான அட்டவணை ஒன்றை முன்கூட்டியே அச்சடித்து டைம் கீப்பர் கையில் வைத்திருப்பதுதான் நேர்மையான வழி. முழு அட்டவணையை அறிவித்து வராத பேருந்துக்காக மக்களைக் காத்திருக்க வைப்பதைவிட, வரும் பேருந்தைச் சொல்லி அதை வரவைப்பது மேல். அந்த 60-க்குள் தருமபுரி மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வழித்தடங்களும், ஓசூர் சிப்காட் காலை ஷிஃப்ட்டைப் பிடிக்கும் நடைகளும், பாலக்கோடு, ராயக்கோட்டை தக்காளிச் சந்தைக்குக் கூடை ஏற்றும் முதல் வண்டிகளும் கட்டாயம் இருக்கட்டும்.

டீசல் கணக்கும் எழுதுங்கள். 100 பேருந்து, நாளுக்கு 350 கி.மீ., லிட்டருக்கு 5 கி.மீ. என்றால் நாளுக்கு 7,000 லிட்டர். சுற்றுவழியில் கூடும். மூன்று நாளுக்கு 21,000 லிட்டர் கையிருப்பு வேண்டும். டேங்கர் சங்ககிரி பக்கமிருந்து வருவதாக இருந்தால், அதுவும் அதே தொப்பூரில்தான் ஏறியாக வேண்டும். பணிமனையில் வெள்ளம் புகுந்திருந்தால், நிலத்தடித் தொட்டியில் நீர் காட்டும் பேஸ்ட் தடவிய அளவுகோலை விட்டுப் பார்க்காமல் ஒரு வண்டிக்கும் டீசல் பிடிக்கக் கூடாது. சக்கர மட்டத்துக்கு மேல் நீரில் நின்ற பேருந்தை உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். ஏர் ஃபில்டர் நனைந்திருந்தால் நீர் சிலிண்டருக்குள் போயிருக்கலாம். அந்த நிலையில் என்ஜினைச் சுழற்றினால் பிஸ்டனோடு இணைந்த கனெக்டிங் ராட் வளையும். கியர் பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயில் பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். ஹப் கிரீஸ், ஏர் டேங்க் நீர், பிரேக் லைனிங் மூன்றையும் பார்த்த பிறகே பணிக்கு விடலாம்.

ரயிலைப் பொறுத்தவரை, ஓமலூர்–தருமபுரி–ஓசூர் ஒற்றைப் பாதை. 2021 நவம்பர் 12 அதிகாலையில் தொப்பூருக்கும் சிவாடிக்கும் நடுவே மழையில் சரிந்த பாறைகள் மோதி, கண்ணூர்–யஷ்வந்த்பூர் விரைவு ரயிலின் 7 பெட்டிகள் தடம் புரண்டன. 2,348 பயணிகளும் உயிர் தப்பினர். திட்டம் எழுதுகிறவர் அந்த எண்ணைக் கணக்காகப் பார்க்க வேண்டும்: 55 இருக்கைப் பேருந்தில் 43 நடை, மூட்டை முடிச்சோடு வருவதால் 45 பேர் என்று வைத்தால் 53. அதிகாலை நாலு மணிக்கு மாவட்டத்தில் அத்தனை பேருந்தும் ஓட்டுநரும் ஒரே இடத்தில் கிடையாது. தடம் புரளாத பின்பகுதிப் பெட்டிகளை வேறு என்ஜினால் அருகிலுள்ள நிலையத்துக்கு இழுத்துவிட்டு, மீதிப் பேரை மட்டும் பேருந்தில் ஏற்றுவதே நடைமுறைக்கு ஒத்துவரும். அன்றும் அப்படித்தான் செய்தார்கள். பாதைக்குச் சாலையிலிருந்து வண்டி போகக்கூடிய இடம் எது என்று ஒவ்வொரு நிலைய இடைவெளிக்கும் வரைபடத்தில் குறிப்பு வேண்டும்.

நெடுந்தூர ரயில்களை ஜோலார்பேட்டை வழியாகத் திருப்பிவிடுவார்கள். அவை ஊர் சேர்ந்துவிடும், தருமபுரி, பாலக்கோடு பயணிகள்தான் விடுபடுவார்கள். அவர்களுக்கு மொரப்பூருக்கு இணைப்புப் பேருந்து போட வேண்டும். இங்கே பலருக்கும் தவறுகிற இடம்: தருமபுரி நிலையம் தென்மேற்கு ரயில்வேயின் பெங்களூரு கோட்டம், மொரப்பூர் தெற்கு ரயில்வேயின் சேலம் கோட்டம். ஒரே ஒரு கட்டுப்பாட்டு அறைக்கு மட்டும் பேசினால் பாதித் தகவல்தான் கிடைக்கும். 1941-ல் மூடப்பட்ட மொரப்பூர்–தருமபுரி பாதைக்குப் பதிலாக 36 கி.மீ. புதிய பாதைக்கு 2019-ல் அடிக்கல் நாட்டினார்கள். அது ஓடத் தொடங்கினால் தருமபுரிக்கு இரண்டாவது வாசல் கிடைக்கும். மீட்புக் கண்ணோடு பார்க்கிறவருக்கு அந்தப் பாதையின் பெரிய மதிப்பு அதில்தான் இருக்கிறது.

மாநில எல்லை அடைபடுவது தனி வகை. காவிரிப் பிரச்சினையில் 2016 செப்டம்பரிலும் 2023 செப்டம்பர் கடையடைப்புகளிலும் தமிழகப் பேருந்துகள் ஓசூரோடு, ஜூஜூவாடியோடு நின்றன. மக்கள் கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளிக்கு நடந்து கடந்தார்கள். அப்படிப்பட்ட நாளில் ஓசூர் பேருந்து நிலையத்தைக் கடைசி நிறுத்தமாக மாற்றி, எல்லை வரை நகரப் பேருந்து, நடப்பவர்களுக்குத் தனித் தடம், முதியோருக்கு நிழலும் தண்ணீரும் என்று ஏற்பாடு இருந்தால் போதும்.

அறிவிப்பு ஒரே வாயிலிருந்து வர வேண்டும். ‘தொப்பூர் சாலை திறப்பு’ என்று மட்டும் சொன்னால் காத்திருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கிளம்பிவிடுவார்கள். இப்படிச் சொல்லுங்கள்: ‘மாலை 4 மணி நிலவரம். தொப்பூர் கணவாயில் ஒரு வரிசை மட்டும் திறப்பு. பேருந்து, கார், ஆம்புலன்ஸ் அனுமதி. லாரிகள் கிருஷ்ணகிரியில் நிற்கவும். தருமபுரி–சேலம் பேருந்து 20 நிமிடத்துக்கு ஒன்று. அடுத்த அறிவிப்பு மாலை 6 மணி.’ மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும் 6 மணிக்கு அறிவிப்பு வந்தே ஆக வேண்டும். வராவிட்டால் வதந்தி வரும். கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் இதையே தமிழோடு கன்னடம், தெலுங்கு, இந்தியிலும் எழுதி வைக்க வேண்டும். நின்று கொண்டிருக்கும் லாரிக்காரர்களில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில், எல்லாத் துறையையும் ஒரு மேசையில் உட்காரவைத்து மூன்று மணி நேரம் ஒத்திகை பாருங்கள். ‘இரவு 2 மணி, தொப்பூரில் டேங்கர் கவிழ்ந்தது’ என்று முதல் சீட்டு. ‘3.30, அரூர் சாலையில் தண்ணீர்’ என்று இரண்டாவது. ‘4 மணி, சிவாடியில் ரயில் நிற்கிறது’ என்று மூன்றாவது. ஒவ்வொருவரும் தாம் யாரை அழைப்போம் என்று வாயால் சொல்லாமல், அங்கேயே அந்த எண்ணை அழைக்க வேண்டும். கிரேன்காரரின் எண் மாறியிருக்கும், நடுத்திட்டுத் தடுப்பின் சாவி மாற்றலாகிப் போனவரிடம் இருக்கும், பைப் கிடங்கில் 12 என்று எழுதிய இடத்தில் 5 இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரிசெய்ய வேண்டிய பதவியையும் தேதியையும் அன்றே எழுதி, அக்டோபர் முதல் வாரத்தில் அதே எண்களை இன்னொரு முறை அழைத்துப் பாருங்கள்.